மக்காச்சோள ஒட்டு வித்தும் தழைச்சத்தும்

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, தமிழ்நாடும் கருநாடகமும் ஆந்திரமும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் எல்லைப்புறத்தில் வேப்பனப்பள்ளி என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூர்ச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே ஒலிக்கக் கேட்கலாம். சுற்றிலும் செம்மண் மேட்டு நிலங்கள். அவற்றில் கேழ்வரகும் நிலக்கடலையும் மாவும் விளைகின்றன. கிணறும் மின்விசைப் பம்பும் உடையார் சிலர். வானத்தை நோக்கி ஏர் பூட்டுவோர் பலர். கோழித் தீவனத்திற்கு வேண்டப்படுதலால் மக்காச்சோளமும் இக்காலத்தில் நம் உழவர் கருத்தைக் கவர்ந்து வருகின்றது.

இவ்விரு திறத்தாரும் ஒரே கடைக்குச் சென்று ஒரே வித்துப் பையை விலைகொடுத்து வாங்குகின்றனர். ஒருவர் மூட்டை மூட்டையாக யூரியா இடவல்லவர். மற்றவர் ஒரு மூட்டைக்கே கடன்படுபவர். எருவை நிறைய இட்ட நிலத்தில் முதற்பரிசு பெற்ற வித்து, எரு குறைந்த நிலத்திலும் முதன்மை பெறுமோ? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒட்டு வித்து இன்னதென அறிதல் வேண்டும். மக்காச்சோளச் செடியின் உச்சியில் தோன்றும் கொத்து ஆண்பூ. தண்டின் இடையே தோன்றும் கதிர் பெண்பூ. கதிரின் நுனியில் வெளிப்படும் பட்டுப் போன்ற நூல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணிக்கு உரியது. மகரந்தம் காற்றில் பறந்து அந்நூலிற் படிந்தாலன்றி மணி பிடியாது. ஒரு செடியின் மகரந்தத்தை அச்செடியின் கதிரிலேயே சேர்த்துப் பல தலைமுறை வளர்த்தால் செடிகள் ஒரே தன்மை உடையனவாகும். ஆயினும் குன்றி மெலியும். அவ்வாறு மெலிந்த இரண்டு குலங்களைக் கலந்தபோது பிறந்த செடி, வியக்கத்தக்க வீரியத்துடன் ஓங்கி வளர்தலை அமெரிக்க அறிஞர் ஷல் 1908ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். இரண்டு ஒட்டுக்களை மீண்டும் ஒட்டி வித்தின் விலையைக் குறைக்கும் வழியைப் பத்தாண்டுகளுக்குள் ஜோன்ஸ் என்பார் கண்டார். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டில் அனைத்திந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்றது; 1961ஆம் ஆண்டில் கங்கா 1, கங்கா 101, இரஞ்சித், டெக்கான் என்னும் ஒட்டுக்கள் வெளிவந்தன. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோ.எச்.எம். 6 முதலிய ஒட்டுக்களைத் தந்துள்ளது. ஒட்டுச் செடியின் மணியை எடுத்து மறுபடி விதைத்தால் வீரியம் குறையும். ஆதலின் உழவர் ஆண்டுதோறும் புது வித்து வாங்குதல் வேண்டும். வித்தைத் தேர்ந்தெடுப்பதிற் பிழை நேரின் அவ்வாண்டின் கைப்பொருளே பிழைபடும்.

இனித் தழைச்சத்து என்னும் நைட்ரஜனைப் பற்றிச் சிறிது கூறுவோம். இலையின் பசுமைக்கும் மணியின் புரதத்திற்கும் இதுவே அடிப்படை. இது குறைந்தால் அடி இலைகளின் நுனியில் மஞ்சள் நிறம் தோன்றி, நடுநரம்பின் வழியே உள்நோக்கிப் பரவும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பொதுவாகக் கூறும் அளவு, ஒட்டு வித்திற்கு ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து. மானாவாரிச் செம்மண்ணுக்கு 60 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. ஆகவே, முழுவதையும் யூரியாவாகவே இடின், முன்னதற்கு ஏக்கருக்குச் சுமார் 220 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஐந்து வேண்டும். பின்னதற்கு ஒரு மூட்டைக்குச் சற்று மிகுதி போதும். இட்டதெல்லாம் பயிர்க்குச் சேர்வதுமில்லை. உலகத் தானியப் பயிர்களில் இட்ட தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கே மணியிற் சேர்கின்றதென 1999ஆம் ஆண்டில் ரான், ஜான்சன் என்னும் இருவர் கணக்கிட்டனர். எஞ்சியதிற் பெரும்பகுதி ஆவியாய்க் காற்றிற் கலந்தும், நீரோடு நிலத்தடியில் இறங்கியும் வீணாகின்றது.

தழைச்சத்தைப் பயன்படுத்தும் திறம் இரு கூறுடையது. மண்ணிலுள்ளதை வேரால் ஈர்த்தல் ஒன்று. ஈர்த்ததை மணியாக மாற்றுதல் மற்றொன்று. 1982ஆம் ஆண்டில் மோல், கம்பிராத், ஜாக்ஸன் என்னும் மூவர் எட்டு ஒட்டுக்களை எரு மிகுந்த நிலத்திலும் குறைந்த நிலத்திலும் பயிரிட்டு ஆராய்ந்தனர். எரு மிகுந்தவிடத்து ஒட்டுக்களுக்குள் வேற்றுமை விளைத்தது பெரும்பாலும் ஈர்க்கும் திறமே. குறைந்தவிடத்து வேற்றுமை விளைத்தது ஈர்த்ததை மணியாக்கும் திறமே. செல்வன் இல்லத்திற் பொருளை ஈட்டும் ஆற்றல் பெரிதாகத் தோன்றும். வறியவன் இல்லத்தில் உள்ளதைக் கொண்டு குடும்பம் நடத்தும் ஆற்றலே பெரிது. செடிக்கும் அஃதே முறை எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். இவ்வெண்கள் பாடத்திற்காக யாம் கற்பித்துக் கொண்டனவே. நிறைய எருவிட்ட நிலத்தில் முதல் வித்து ஏக்கருக்கு 30 மூட்டையும் இரண்டாம் வித்து 26 மூட்டையும் விளைவதாகக் கொள்வோம். எரு குறைந்த நிலத்தில் முதலது 11 மூட்டையும் இரண்டாவது 14 மூட்டையும் தருமாயின், சிறந்த வித்து எது? நிலத்தைக் குறிப்பிடாது இவ்வினாவிற்கு விடை கூறல் இயலாது. முதல் வித்தைக் கிணறுடையார் வாங்குதல் அறிவு. மானாவாரி உழவர் வாங்குதல் மூன்று மூட்டை நட்டம்.

அங்ஙனமாயின் ஆராய்ச்சியாளர் எரு மிகுந்த நிலத்திலேயே பெரிதும் சோதிப்பது ஏன் என மாணவர் வினவலாம். காரணம் உண்டு. வளம் குன்றிய நிலம் ஒரே சீராக இராது. இங்கு ஓரடி வளமும் அங்கு ஓரடி வறட்சியுமாக இருத்தலின், வித்தின் குணம் எது, மண்ணின் குணம் எது எனப் பிரித்தறிதல் அரிது. இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்டவர் மெக்ஸிகோ நாட்டில் 1966ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சர்வதேச மக்காச்சோள-கோதுமை அபிவிருத்தி நிலையத்தார். அவர்கள் சில வயல்களில் எருவிடாது பயிரிட்டு, தட்டையையும் அகற்றி, மண்ணை வேண்டுமென்றே மெலியச் செய்தனர். அவ்வயலில் விளைச்சலோடு வேறு சில அடையாளங்களையும் நோக்கினர். ஆண்பூ மலர்ந்தபின் பட்டு நூல் வெளிவர எத்தனை நாள் ஆகின்றது? கதிரற்ற மலட்டுச் செடிகள் எத்தனை? மணி முற்றும்வரை இலை பசுமை மாறாது நிற்கின்றதா? பட்டு நூல் தாமதிக்குமாயின் மகரந்தம் வீணாய்ப் போய் மணி குறையும். ஆதலின் அவ்விடைவெளி சுருங்கிய குலங்களே பஞ்சத்தைத் தாங்குவன. எருக் குறைவால் விளைச்சல் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற் குன்றும் இடங்களுக்குரிய வித்தை, எரு குறைந்த நிலத்திலேயே தேர்ந்தெடுத்தல் நலம் என்று பான்ஸிகர் அம்மையாரும் அவர் தோழர்களும் 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

எனினும் ஒருதலையாகக் கூறுதல் முறையன்று. புது ஒட்டுக்கள் யாவும் எருவை மிகுதியாக உண்டாலன்றி விளையா என்பது தவறு. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளின் வித்துக்களை ஒரே நிலத்தில் விதைத்து 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிற்கால ஒட்டுக்கள் வளம் குன்றிய நிலத்திலும் முற்காலத்தனவற்றை விஞ்சின. ஆகவே ஒட்டு வித்தைப் பழித்தல் நம் கருத்தன்று. ஒவ்வொரு வித்தையும் அது வாழப் போகும் நிலத்தில் வைத்து அளத்தல் வேண்டும் என்பதே கருத்து.

இவ்வளவை மாணவரும் செய்து பார்க்கலாம். இரண்டு வித்துக்களை எடுத்துக்கொள்க. நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, எருவின்றியும், பாதி அளவிலும், முழு அளவிலும் இடுக. ஒவ்வொரு சேர்க்கையையும் மூன்று பாத்திகளுக்குக் குறையாமல், சீட்டுக் குலுக்கி இடம் மாற்றி அமைத்தல் இன்றியமையாதது. இன்றேல் மண்ணின் வேற்றுமை வித்தின் வேற்றுமைபோற் காட்டி மயக்கும். தழைச்சத்தைக் காற்பங்கு அடியுரமாகவும், 25ஆம் நாள் பாதியும், 45ஆம் நாள் எஞ்சிய காற்பங்கும் இடுக. பூக்கும் நாட்களைக் குறித்து வருக. அறுவடையில் மணியை உலர்த்தி நிறுத்துக. முடிவில் வித்தின் விலையையும் எருவின் விலையையும் கழித்துக் கையில் நின்றது எவ்வளவு எனக் கணக்கிடுக. மூட்டைக் கணக்கு வேறு, கைக்கணக்கு வேறு என்பது அப்பொழுது விளங்கும்.

பையூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வேப்பனப்பள்ளி உழவர் அங்கேனும் கடையிலேனும் வித்தைப் பற்றி உசாவும்போது, "இஃது எத்தனை மூட்டை விளையும்?" என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. "எவ்வளவு எருவில் அத்தனை மூட்டை விளைந்தது?" என்றும் கேட்டல் வேண்டும். ஊர்ப்பக்கம் விடுமுறைக்குச் செல்லும் மாணவர் இவ்வொரு கேள்வியைத் தம் பெற்றோர்க்குக் கற்பித்து வருவாராயின், அவர் கற்ற கல்வி அந்நிலத்திற்கும் ஓர் உரமாகும்.