ஒப்பனைப் பட்டியலில் விடுபட்ட ஒரு வரி

கலைத் திருவிழாவுக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேருக்குத் தேவராட்டம் பழக்கிக்கொண்டிருந்தேன். உறுமியின் வேகத்துக்கு ஏற்பக் குந்தி எழுந்து, சுழன்று குதிக்கும் ஆட்டம் அது. மூன்றாம் நாள், நன்றாக ஆடிய ஒரு மாணவன், "நான் வரலை சார்" என்று ஒதுங்கிக்கொண்டான். எவ்வளவு கேட்டும் காரணம் சொல்லவில்லை.

பயிற்சி தர வந்திருந்த நாட்டுப்புறக் கலைஞர் என்னைத் தனியே அழைத்தார். "நடையைப் பார்த்தாலே தெரியுது சார். தொடை உரசிப் புண்ணாகியிருக்கு. உள்ள போட்டிருக்கிறது தாங்கலை. சின்ன வயசுல நானும் இப்படிக் கஷ்டப்பட்டிருக்கேன்" என்றார்.

சலங்கை, வேட்டி, தலைப்பாகை எனப் பல ஆண்டுகளாகப் பட்டியல் போட்டவன் நான். உள்ளாடையை ஒருமுறைகூட அதில் எழுதியதில்லை.

மறுநாள் அந்த மாணவனை மட்டும் அழைக்கவில்லை. உடற்கல்வி ஆசிரியரையும் வைத்துக்கொண்டு எட்டுப் பேரிடமும் பாடம் நடத்துவதுபோலவே பேசினேன். முதலில் சிரிப்பு எழுந்தது. நாங்கள் இருவரும் சிரிக்காததால் தானாக அடங்கியது. சொன்னவை இவைதாம்:

• குதிக்கும்போது விரைகள் அசைந்தால் வலிக்கும். லூசான டிராயர் தாங்காது. உடலோடு பொருந்தும் பருத்தி ஜட்டி வேண்டும். தொடை உரசுபவர்களுக்குத் தொடைவரை நீளும் டிரங்க் நல்லது.

• இடுப்பை நாடாவால் அளந்து வாங்குங்கள். 'வளர்ற பையன்' என்று பெரிதாக வாங்கினால் பயனில்லை. மிகவும் இறுக்கமானது தொடையிடுக்கை அறுக்கும்.

• அணிந்தபின் பத்து முறை குந்தி எழுந்து, குதித்துப் பாருங்கள். இழுத்துவிடத் தோன்றினால் அது சரியான அளவு அல்ல.

• வேட்டி கட்டும்போது மேலே ஓர் அரைக்கால் சட்டையும் அணிந்தால் கூச்சம் இருக்காது.

• பயிற்சி முடிந்ததும் மாற்றிவிடுங்கள். துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வியர்வை ஈரம் படர்தாமரைக்கு இடம் கொடுக்கும். ஒருவர் அணிந்ததை மற்றவர் அணியக் கூடாது.

• விரையில் திடீரெனக் கடும் வலி வந்தால் மறைக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆசிரியரிடமோ வீட்டிலோ உடனே சொல்லுங்கள்.

விளையாட்டுப் பொருள் கடைகளில் சப்போர்ட்டர் கிடைக்கும். பள்ளி ஆட்டத்துக்கு அது கட்டாயமில்லை; சரியான அளவு ஜட்டியே போதும். ஆடைச் செலவோடு சேர்த்து எட்டுப் பேருக்கும் ஆளுக்கு இரண்டு வாங்கினோம். யாருக்கு இல்லை என்ற கேள்வியே எழவில்லை.

புண் ஆறியதும் அந்த மாணவன் தானாகவே வரிசையில் வந்து நின்றான்.

ஆட்டம் பழக்கும் ஆசிரியர்கள் முதல் நாளிலேயே இதைப் பேசிவிடலாம். மாணவிகளிடம் ஆசிரியைகள் பேசலாம். "ஆர்வமில்லை" என்று விலகும் பிள்ளையிடம் சில நேரம் இருப்பது ஆர்வக்குறைவு அல்ல, வாய்விட்டுச் சொல்ல முடியாத வலி.