வார்ப்பு இயந்திரமும் மின்சாரச் சிக்கனமும்

விடுதியில் நாம் குளிக்கும் வாளி, தலை வாரும் சீப்பு, எழுதும் பேனாவின் மூடி ஆகிய மூன்றும் ஒரே முறையில் உருவாகின்றவை. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, எஃகு அச்சினுள் பேரழுத்தத்துடன் செலுத்தி, குளிரவிட்டு எடுக்கும் இம்முறையை ‘இன்ஜெக்‌ஷன் மோல்டிங்’ என்பர். இவ்வியந்திரம் உண்ணும் மின்சாரம் எங்கே போகின்றது என்பதைப் பிற துறை நண்பர்களுக்கும் விளங்குமாறு, பொறியியல் பயில்பவன் என்ற முறையில் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலில் இயந்திரத்தின் அமைப்பைக் காண்போம். ஹாப்பரில் கொட்டிய மணிகள் சூடேற்றிய உருளைக்குள் விழுகின்றன. அங்கே சுழலும் ஸ்க்ரூ அவற்றைப் பிசைந்து உருக்குகின்றது. உருளையைச் சுற்றியுள்ள ஹீட்டர்கள் மட்டுமே இவ்வேலையைச் செய்வதாக எண்ண வேண்டா. ஸ்க்ரூ பிசைவதால் எழும் உராய்வு வெப்பத்திற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. பின்னர் ஸ்க்ரூ முன்னோக்கிப் பாய்ந்து, உருகிய குழம்பை அச்சினுள் செலுத்துகின்றது. அச்சின் இரு பாதிகளும் பிரியாதபடி பல டன் விசை அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். பொருள் இறுகியதும் அச்சு திறந்து அதை வெளியே தள்ளும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு கிலோ பாலிபுரோப்பிலீனை அறை வெப்பநிலையிலிருந்து சுமார் 220 டிகிரி சென்டிகிரேடுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 600 கிலோஜூல், அதாவது ஆறில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம் போதும். ஆனால் பழைய எண்ணெய் அழுத்த இயந்திரங்கள் பல, கிலோவுக்கு ஒரு யூனிட்டும் அதற்கு மேலும் செலவழிக்கின்றன. மிகுதி எங்கே போயிற்று?

அதில் ஒரு பெரும் பகுதி, இயந்திரம் சும்மா நிற்கும் நேரத்தில் போகின்றது. அகமதாபாத்தின் வட்வா தொழிற்பேட்டையில் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது இதை நான் காதாலேயே அறிந்தேன். அச்சு மூடியபடி அசையாமல் நின்றது. ஸ்க்ரூவும் அடுத்த சுற்றுக்கான குழம்பை ஆயத்தம் செய்துவிட்டு ஓய்ந்தது. பொருள் குளிர்வது ஒன்றே பாக்கி. ஆயினும் மோட்டாரின் இரைச்சல் நிற்கவில்லை. பம்பு தள்ளிய எண்ணெய், செய்வதற்கு வேலையின்றி வால்வு வழியே தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

இவ்விரயத்தின் அளவை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். ஒரு சுற்றுக்கு 40 விநாடி. அதில் 15 விநாடி இவ்வாறு வீணே ஓடும் மோட்டார் 4 கிலோவாட் எடுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 சுற்றுகள். ஆகவே மணிக்கு ஒன்றரை யூனிட் வீண். நாளைக்கு 20 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 9,000 யூனிட்! யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். இரண்டு மூன்று இயந்திரங்களை வைத்துப் பிழைக்கும் சிறு பட்டறைக்கு இது ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம் அன்றோ?

நட்டம் இத்துடன் முடிவதில்லை. வீணான ஆற்றல் எண்ணெயைச் சூடாக்குகின்றது. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போய் சீல்களையும் கெடுக்கும்; எனவே அதைக் குளிர்விக்கத் தண்ணீர்ப் பம்பும் குளிர்விப்புக் கோபுரமும் ஓட வேண்டும். சூடாக்கவும் காசு, ஆற்றவும் காசு!

இதற்குப் பரிகாரம் உண்டு. சர்வோ மோட்டார் பூட்டிய பம்பு, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து, வேலையில்லாதபோது ஏறக்குறைய நின்றேவிடும். 1980-களில் ஜப்பானில் தோன்றிய முழு மின் இயந்திரங்களில், இயக்கத்திற்கு எண்ணெய் அழுத்தமே தேவையில்லை. ஒவ்வோர் அசைவுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. ஆனால் அவற்றின் விலை அதிகம். சர்வோவின் பயனும் எங்கும் ஒன்றாயிராது. குளிரும் நேரம் நீண்ட பொருள்களுக்கு லாபம் மிகுதி. சில விநாடிகளில் வார்த்தெடுக்கும் மெல்லிய டப்பாக்களுக்குக் குறைவு.

பெருஞ்செலவில்லா வழிகளும் உள. உருளைக்கு வெப்பம் காக்கும் உறை போடலாம். பொருளின் சுவர்த் தடிமனைக் குறைக்கலாம். குளிரும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டரை 2 ஆக்கினால், நேரம் ஒன்பதில் நான்கு பங்காகக் குறையும். வலிமை குன்றாதிருக்க, வேண்டிய இடங்களில் விலா எலும்பு போன்ற வரம்புகளை அமைத்துக்கொள்ளலாம். ஆக, மின்சாரச் சிக்கனம் பட்டறையில் அன்று, படம் வரையும் மேசையிலேயே தொடங்கிவிடுகின்றது.

நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகின்றது. கட்டணத்தைப் பட்டறைக்காரர் கட்டுகின்றார். புகையோ எல்லோருக்கும் பொது. ஆகவே, பயிற்சிக்குச் செல்லும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இயந்திரம் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டதோடு நில்லாதீர்கள். ஒரு நாள் ஓடிய யூனிட்டுகளை மீட்டரில் குறித்து, அன்று வார்த்த பொருளின் எடையால் வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு எத்தனை யூனிட் என்னும் அந்த ஓர் எண், எங்கே கை வைக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தொடங்கும்.