முதல் ஹெட்ஃபோன் ஆம்ப்: பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு எண்கள்

ஹெட்ஃபோன் வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம், வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஓம் கணக்கில் ஓர் எண், டெசிபல் கணக்கில் ஓர் எண். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் மற்றப் பேச்சு.

நான் அப்படிச் செய்யவில்லை. ஆம்ப் சேர்த்தால் பாட்டு அப்படியே விரியும் என்று சொன்னவர்களை நம்பி, என் 38 ஓம் ஹெட்ஃபோனுக்கு மூன்று மாதம் பணம் சேர்த்து மேசை ஆம்ப் ஒன்றை வாங்கினேன். அதன் குமிழைக் கால்வாசிக்கு மேல் திருப்ப ஒருநாளும் தேவைப்படவில்லை. போனில் கேட்டதற்கும் அதில் கேட்டதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்தை ஹெட்ஃபோனில் போட்டிருந்தால் முதல் பாட்டிலேயே தெரிந்திருக்கும். கையில் அளவான பணம் வைத்திருப்பவர்களுக்கு அந்த இழப்பு வரக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

ஓம் எண் இம்பீடன்ஸை, அதாவது மின்சாரத்துக்கு ஹெட்ஃபோன் காட்டும் தடையை, சொல்கிறது. டெசிபல் எண், கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்கிறது. பலர் ஓம் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்: 250 ஓம் என்றால் ஆம்ப் கட்டாயம், 32 ஓம் என்றால் போனே போதும் என்று. ஹைஃபைமேன் எச்ஈ400எஸ்ஈ 25 ஓம்தான். ஆனால் மெல்லிய படலம் முழுதாக அதிரும் பிளேனார் வகை என்பதால் அதன் உணர்திறன் 91 டெசிபல் மட்டுமே. ஓம் எண்ணை மட்டும் பார்த்துப் போனில் செருகியவர், பாட்டு ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறது என்று யோசிப்பார்.

டெசிபல் எண்ணில் இன்னொரு குழி உண்டு. சில நிறுவனங்கள் ஒரு மில்லிவாட்டுக்கு எவ்வளவு என்று தருகின்றன, சில ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு என்று தருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. வோல்ட் கணக்கில் தந்திருந்தால், 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 15-ஐயும் 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 5-ஐயும் கழித்தால் மில்லிவாட் கணக்கு வரும். சென்ஹைசர் எச்டி 650 வோல்ட்டுக்கு 103 டெசிபல், 300 ஓம். மில்லிவாட் கணக்கில் அது 98.

இனிக் கணக்கு. பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வரை ஆம்ப் திணறாமல் தரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு சத்தமாகக் கேட்பதற்காக அல்ல. நாம் சாதாரணமாகக் கேட்பது 70, 75 டெசிபலில்தான். ஆனால் மிருதங்கத்தின் அடி சராசரிக்கு மேலே 20 டெசிபல் துள்ளக்கூடியது. கச்சேரிப் பதிவுகளும் 1980-களின் பதிவுகளும் இன்றைய பாட்டுகளைவிடப் பொதுவாகச் சன்னமாகப் பதியப்பட்டவை, குமிழைக் கூட்டித்தான் கேட்கவேண்டும். ஈக்வலைசரில் பேஸைக் கூட்டுபவர்கள் ஒலி உடையாமலிருக்க மொத்த அளவை 6 டெசிபல் குறைத்து வைப்பார்கள். அதை ஈடுகட்ட இரண்டு மடங்கு வோல்ட் வேண்டும். 110 என்பது இவற்றுக்கான கையிருப்பு. காதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்.

110-இலிருந்து உங்கள் டெசிபல் எண்ணைக் கழியுங்கள். பேயர்டைனமிக் டிடி 990 புரோ 250 ஓம், 96 டெசிபல் என்றால் மிச்சம் 14. மிச்சம் 10 என்றால் 10 மில்லிவாட், அதற்கு மேல் ஒவ்வொரு 3-க்கும் இரட்டிப்பு. ஆக 14-க்கு 25 மில்லிவாட். இதை வாட்டாக்கி (0.025) ஓம் எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் கிடைக்கும்: 2.5 வோல்ட். வோல்ட்டை ஓமால் வகுத்தால் மின்னோட்டம்: 10 மில்லிஆம்பியர். இதே கணக்கை எச்ஈ400எஸ்ஈ-க்குப் போட்டால் 80 மில்லிவாட், 1.4 வோல்ட், 56 மில்லிஆம்பியர். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல். அதற்கு 0.7 வோல்ட்டும் 18 மில்லிஆம்பியரும் போதும்.

இந்த மூன்று வரிகளில்தான் விஷயம் முழுதும் இருக்கிறது. முதலாவது வோல்ட் கேட்கிறது, மின்னோட்டம் அதிகம் வேண்டாம் என்கிறது. இரண்டாவது வோல்ட்டைவிட மின்னோட்டத்தை அதிகம் கேட்கிறது. மூன்றாவது இரண்டையுமே கேட்கவில்லை. உங்களுடையது இதில் எந்த இனம் என்று தெரியாமல் 'நல்ல ஆம்ப் எது?' என்று யாரைக் கேட்டும் பயனில்லை.

அடுத்து, ஏற்கெனவே கையில் இருப்பது என்ன தருகிறது என்று அளந்து பாருங்கள். மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். ஏசி பக்கம் 200 வோல்ட்டில் தொடங்கும் மலிவு மீட்டர் உதவாது, 2 வோல்ட் அளவு உள்ளதாக இருக்கட்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் மீட்டரும் கிடைக்கும், பழைய 3.5 மில்லிமீட்டர் கேபிளும் 33 ஓம் ரெசிஸ்டர்களும் கிடைக்கும். 100 ஹெர்ட்ஸ் சைன் அலைக் கோப்பு ஒன்றை முழு அளவில் ஓடவிட்டு, கேபிளின் இடப்பக்கக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். ஹெட்ஃபோனைச் செருகாமல் செய்யுங்கள், காதில் மாட்டியிருக்கவே கூடாது. பிறகு அதே இடத்தில் 33 ஓம் ரெசிஸ்டரை இணைத்து மறுபடி பாருங்கள். முதலில் 1.00 வந்து பிறகு 0.97 வந்தால் வோல்ட் சரிவு 0.03. அதை 33-ஆல் பெருக்கி 0.97-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1 ஓம். இதுதான் அந்தக் கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸ். வோல்ட் பெரிதாகச் சரிந்தால் கருவியால் மின்னோட்டம் தர முடியவில்லை என்றும் பொருள் இருக்கலாம். ஒலியளவைப் பாதியாக்கி மறுபடி அளந்தால் எதனால் என்று தெரிந்துவிடும்.

அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனின் ஓம் எண்ணில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்பது கைவசம் வைத்துக்கொள்ளத் தகுந்த விதி. ஹெட்ஃபோனின் ஓம் எல்லாச் சுருதியிலும் ஒன்றாக இருப்பதில்லை. 300 ஓம் சென்ஹைசர் பேஸ் பகுதியில் 500 ஓமையும் தாண்டும். ஆம்பின் சொந்தத் தடை கூடுதலாக இருந்தால் அந்த இடத்தில் ஒலி புடைக்கும். வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப் இருக்கிறதே, அதன் ஹெட்ஃபோன் ஓட்டை போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அவற்றில் பல, ஸ்பீக்கர் வெளியீட்டில் சில நூறு ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து ஹெட்ஃபோனுக்குக் கொடுப்பவை. 300 ஓம் ஹெட்ஃபோனோடு கேட்டுப் பார்க்கலாம், 16 ஓம் இயர்போனோடு வேண்டாம்.

இனிக் கடை. உங்களுக்குத் தேவை 1 வோல்ட்டுக்குள் என்றால் போனின் யுஎஸ்பி துளையில் செருகும், ஆயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும் டாங்கிளே போதும். ஆப்பிளின் டாங்கிள் இந்த விலையில் மிகத் தரமானது. அமெரிக்கப் பதிப்பு 1 வோல்ட் தரும், ஐரோப்பியப் பதிப்பு அதில் பாதிதான். பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் முழு ஒலி வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். 2 வோல்ட் தரும் டாங்கிள்கள் ஐயாயிரத்துக்குள் பல உண்டு. டிடி 990-க்கு அவை கிட்டத்தட்டப் போதும், இரண்டு டெசிபல்தான் குறையும். 4 வோல்ட் என்று விளம்பரம் செய்பவை பெரும்பாலும் அதை 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்கில் மட்டுமே தரும். டிடி 990-இன் கேபிள் கழற்ற முடியாதது, ஆகவே அந்த ஜாக் அதற்குப் பயன்படாது. சென்ஹைசர் 600 வரிசையில் கேபிள் மாற்றலாம், ஆனால் அந்தக் கேபிளின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேசை ஆம்ப் உண்மையில் தேவைப்படுவது பிளேனார் வைத்திருப்பவர்களுக்கும், 250 ஓமுக்கு மேல் வைத்துக்கொண்டு ஈக்வலைசரும் போடுபவர்களுக்கும்தான். விளம்பரத்தில் '1 வாட்' என்று பார்த்தால் அது எத்தனை ஓமில் என்று பாருங்கள். பெரும்பாலும் 32 ஓமில் இருக்கும். அதன் பொருள் 5.7 வோல்ட், 300 ஓமில் அது 107 மில்லிவாட்தான். உங்கள் தேவை 25 என்றால் அதுவே தாராளம். ஆம்ப் ஒலியை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதைக் கூட்டிக் குறைக்கும் கெய்ன் சுவிட்ச் இருக்கிறதா என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். கெய்ன் கூடுதலாகவே நின்றுவிட்டால் குமிழை ஆரம்பத்திலேயே வைத்திருக்க நேரும். விலை குறைந்த குமிழ்களில் அந்த இடத்தில் ஒரு காது உரக்கவும் மறு காது சன்னமாகவும் கேட்கும். இயர்போன் போட்டால் இரைச்சலும் கேட்கும்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்லும் யோசனை இருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஷீட் மாக்னி, ஜேடிஎஸ் லேப்ஸ் ஆட்டம் போன்ற ஆம்ப்களுக்கு வரும் அடாப்டர், போன் சார்ஜரைப்போல எந்த வோல்ட்டிலும் வேலை செய்வதல்ல. ஏசியை ஏசியாகவே குறைத்துத் தரும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர். 120 வோல்ட்டுக்குச் செய்ததை நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் அடாப்டர் எரியும், ஆம்பும் சேர்ந்து போகலாம். 230 வோல்ட் அடாப்டரோடு கேளுங்கள், அல்லது இங்கேயே அதே ஏசி வோல்ட்டும் ஆம்பியரும் உள்ளதைத் தேடிவைத்துக்கொண்டு வாங்குங்கள்.

வாங்கியாயிற்று. திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்யவேண்டும். ஒலி கொஞ்சம் உரக்க இருந்தாலே காது அதை 'நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே பழைய கருவி, புதிய ஆம்ப் இரண்டிலும் அதே 100 ஹெர்ட்ஸ் கோப்பைப் போட்டு, மீட்டரில் ஒரே வோல்ட் வரும்படி ஒலியளவைச் சமன் செய்யுங்கள். பிறகு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' போல உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்த பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, எதில் ஓடுகிறது என்று தெரியாமல் பத்து முறை கேட்டுச் சொல்லுங்கள். எட்டு ஒன்பது முறை சரியாக வந்தால், புதியது உங்களுக்குப் பிடித்தும் இருந்தால், ஆம்ப் வீட்டில் இருக்கட்டும். ஐந்து ஆறுதான் வந்தது என்றால் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புங்கள். அந்தப் பணத்தில் முதலில், நைந்துபோன காதுப் பஞ்சுகளை மாற்றுங்கள். அந்த வேறுபாட்டைக் கேட்க யாரும் மாற்றி மாற்றிச் செருகித் தர வேண்டியதில்லை.