விமான எரிபொருளும் பித்தளை வால்வும்

சூலூர் விமானப்படைத் தளத்தில் 2020 மே 27 அன்று 18-ஆம் படைப்பிரிவு தேஜஸ் விமானங்களுடன் மீண்டும் தொடங்கப்பட்டது. அந்த இரைச்சல் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அதன் டாங்கிக்குள் போகிற எண்ணெயைப் பற்றி எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அடிப்படையில் அது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தாங்க.

ஜெட் விமானத்தில் இதற்கு இரண்டு வேலை. எரிவது ஒன்று. எரியும் முன்பே எஞ்சின் ஆயிலின் சூட்டை வாங்கிக்கொள்வது இன்னொன்று. அப்படிச் சூடேறும்போது எண்ணெய் சிதைந்து பிசினாகப் படிந்தால் நாசில் துளை அடைபடும், பீய்ச்சல் கோணலாகும். படியாமல் தாங்கும் குணமே வெப்ப நிலைப்புத்தன்மை. 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓர் அலுமினியக் குழாய், அதன்மேல் நிமிடத்துக்கு 3 மி.லி. வீதம் இரண்டரை மணி நேரம் எண்ணெய் ஓட்டம். பிறகு குழாயில் படிந்த கறையைப் பார்ப்பார்கள். இதுதான் சோதனை.

சுத்திகரிப்பு ஆலையில் தேறிய எண்ணெய் டாங்கியில் மாதக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும்? காங்கேயம் தேங்காய் எண்ணெய் நாளாக ஆகக் காறல் அடிக்கிறதல்லவா, காரணம் இங்கேயும் அதே ஆக்சிஜன்தான். ஹைட்ரஜன் ஏற்றிச் சுத்தம் செய்யும்போது எண்ணெயை இயற்கையாகக் காத்துவந்த சில கந்தகச் சேர்மங்களும் போய்விடுகின்றன. அதனால்தான் ஆலையிலேயே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய எதிரி தாமிரம். நம்ம ஊர்ப் பட்டறையில் வெண்கல புஷ், பித்தளை வால்வு இல்லாமல் வேலை நடக்குமா? விமான எண்ணெய்க்கு அதெல்லாம் ஆகாது. நூறு கோடியில் சில பத்துப் பங்கு தாமிரம் கரைந்தாலே சிதைவு வேகம் பிடித்துவிடும். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் தாமிர-நிக்கல் குழாய் வழியே போன எண்ணெய் இப்படித்தான் கெட்டது. தாமிரத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் ஒரு மருந்தை அதில் கலக்க வேண்டியதாயிற்று.

ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்க நம் வீட்டில் விடுவார்களா? அதே கதைதான். சேமிப்பு டாங்கியின் உள்ளே எபாக்சி பூச்சு, தண்ணீர் ஓரிடத்தில் சேர்ந்து வடியச் சரிவான அடித்தளம், மேல்மட்டத்து எண்ணெயையே எடுக்கும் மிதவைக் குழாய் எல்லாம் வைப்பார்கள்.

பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாமிரத் துண்டுச் சோதனை என்று ஒன்று உண்டு. எண்ணெய் தாமிரத்தை அரிக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும்; தாமிரம் எண்ணெயைக் கெடுத்ததா என்று சொல்லாது. துண்டு பளபளவென்று வெளியே வந்தாலும் 260 டிகிரிக் குழாய் கறுத்துப் போகலாம்.