சுப்ஹுக்கு எழாத பிள்ளை

பருவம் எய்திய பிள்ளைமீது தொழுகை கடமை. ஆனால் அந்த வயதில்தான் உறக்கம் வரும் நேரம் உடலளவிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் பிந்துகிறது. உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் தாமதித்தே ஊறுகிறது. செல்போன் வெளிச்சம் அதை மேலும் தாமதப்படுத்துகிறது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அது குறைந்தால் படிப்பில் கவனம் சிதறும், கோபம் மிகும்.

ஆகவே சுப்ஹுக்கு எழாத பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுமுன், நம் வீட்டு விளக்கு எப்போது அணைகிறது என்று பார்ப்போம். இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று புகாரி ஷரீபில் காண்கிறோம். இரவு 9 மணிக்குப் படுத்தால் காலை 5 மணிக்கு 8 மணி நேரம் நிறையும். முதலில் செல்போனை வைக்க வேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே. அல்லாஹ் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.