வரப்புப் புல்லும் வீட்டு முயலும்

ஆமையோடு ஓடித் தோற்ற முயலையும், கிணற்று நீரில் நிழலைக் காட்டிச் சிங்கத்தை வென்ற முயலையும் நாம் சிறு வயது முதல் அறிவோம். ஆனால் வீட்டு முயல் என்ன தின்னும், எந்த மாதத்தில் பிறந்த குட்டி பிழைக்கும் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது.

மம்சாபுரத்திலிருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் முயல்கள் வளர்க்கிறார்கள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியுடன் நாங்கள் அங்கே சென்றோம். அங்குக் கண்டதையும், பின்னர் வகுப்பில் கற்றதையும் இங்கே தருகிறோம்.

காட்டு முயலும் வீட்டு முயலும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓடும் முயல் வேறு. கூண்டில் வளரும் முயல் வேறு. காட்டு முயலின் குட்டி உடல் முழுதும் உரோமத்துடனும், திறந்த கண்களுடனும் வெட்டவெளியில் பிறக்கிறது. அதைப் பிடிப்பதும் வேட்டையாடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

வீட்டு முயலின் முன்னோர்கள் ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டுப் பக்கம் வளை தோண்டி வாழ்ந்தவை. இதன் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்கள். தாய் தன் வயிற்று உரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை அமைக்கிறது. குட்டிகள் உரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கின்றன. பத்துப் பன்னிரண்டு நாள்களில் கண் திறக்கின்றன. தாய் நாளுக்கு ஒரு முறை, சில நிமிடங்களே பால் கொடுக்கும். இதை அறியாதவர்கள், தாய் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று எண்ணி வீணே கவலைப்படுவர்.

தழை தேடல்

தோழியும் அவள் அப்பத்தாவும் காலையில் கண்மாய்க் கரைக்கும் வரப்புக்கும் சென்று தழை பறிக்கிறார்கள். நாங்களும் உடன் சென்றோம். அறுகம்புல், அகத்தி, கல்யாண முருங்கை, சர்க்கரைவள்ளிக் கொடி ஆகியவற்றுடன், நாம் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூச் செடியும் கூடையில் சேர்ந்தது. வளர்ந்த முயல் ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் கால் கிலோ பசுந்தழை வேண்டும். அத்துடன் தவிடும் சிறிது பிண்ணாக்கும் வைக்கிறார்கள். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு முயலுக்கு நஞ்சு. சவுண்டல் தழையை அளவோடுதான் கொடுக்க வேண்டும். மிகுந்தால் உரோமம் உதிரும்.

முயலுக்கு வாந்தி எடுக்க இயலாது. ஆகவே தவறான இலை உள்ளே போனால் அது வெளியே வர வழியில்லை. அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, பார்த்தீனியம் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். பருத்திக் காட்டில் மருந்து தெளித்திருந்தால் அதன் வரப்புப் புல்லையும் தொடலாகாது. மழையில் நனைந்த தழையை நிழலில் வாடவிட்டே கொடுக்க வேண்டும். இல்லையேல் வயிறு உப்பி, கழிச்சல் காணும்.

நமது வசந்தம் எது?

இவ்வளவு அறிந்த அந்தக் குடும்பமும் முதல் ஆண்டில் ஒரு தவறு செய்தது. "இளவேனிலில் உயிர்கள் செழிக்கும்" என்று தோழி பாடத்தில் படித்திருந்தாள். அதனால் பங்குனியில் முயல்களை இணை சேர்த்தார்கள். சித்திரையில் ஏழு குட்டிகள் பிறந்தன. அப்போது வரப்பெல்லாம் காய்ந்து கிடந்தது. கூண்டின் மேல் தகரக் கூரை. நண்பகல் வெப்பத்தில் தாய் இரை எடுக்கவில்லை, பால் வற்றியது. ஐந்து நாள்களில் ஏழு குட்டிகளும் மடிந்தன. தோழி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாளாம்.

காரணம் என்ன? முயலுக்கு நம்மைப் போல் வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் இல்லை. நீண்ட காதுகள் வழியேதான் பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. 30 பாகை செல்சியசுக்கு மேல் சென்றால் அது துன்புறும்; ஆண் முயலின் இனவிருத்தித் திறனும் குறையும். நம் மாநிலத்தில் முயல் ஆராய்ச்சி நடைபெறும் மன்னவனூர், கொடைக்கானல் மலையில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதை இங்கே நினைவுகூரலாம். அங்குள்ள குளிர் மம்சாபுரத்தில் இல்லை.

ஐரோப்பாவில் பனி உருகிப் புல் தளிர்க்கும் காலம் வசந்தம். நமக்குப் புல் தளிர்ப்பது ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்பு. "வரப்பிலே பச்சை இருக்கும்போது குட்டி போட விடு, தாயி" என்றாராம் அப்பத்தா. மறு ஆண்டு ஐப்பசியில் இணை சேர்த்தார்கள். கார்த்திகையில் பிறந்த குட்டிகள் ஆறும் பிழைத்தன. நாங்கள் சென்றபோது அவை தாயை விட்டுப் பிரிந்து, தனிக் கூண்டில் அகத்தியைக் கொறித்துக்கொண்டிருந்தன. தகரத்திற்குப் பதில் தென்னங்கீற்று வேய்ந்திருந்தார்கள். கூண்டை வேப்பமர நிழலுக்கு மாற்றியிருந்தார்கள். கோடையில் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, மண்சட்டியில் எந்நேரமும் தண்ணீர் வைப்பார்களாம். அந்த மாதங்களில் இணை சேர்ப்பதே இல்லை.

புத்தகம் பொய் சொல்லவில்லை. அது சொன்ன வசந்தம் வேறு மண்ணுக்கு உரியது என்பதை நாங்கள் உணர்ந்தோம். முயல் வளர்க்க விரும்பும் தங்கைகளே, முதலில் கூண்டு வாங்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்த மாதத்தில் எந்த வரப்பில் என்ன தழை கிடைக்கிறது என்று ஓராண்டு எழுதி வாருங்கள். முயலை எப்போது வாங்குவது என்பதை அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லும்.