முதல் நாவல் அச்சேற

பிரதியை யூனிகோடில் தட்டச்சு செய்து வைப்பது முதல் வேலை. பழைய எழுத்துருவில் கொடுத்தால், மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறிப் பிழைதிருத்துபவர் பாடு திண்டாட்டம்.

பதிப்பகத்தைத் தேர்ந்தெடுக்க, அடையாறுவாசிகளுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் கூப்பிடு தூரம். தம் நாவலை ஒத்த அண்மைக்கால நூல்களை எடுத்து, உள்பக்கத்தில் பதிப்பகத்தின் பெயரையும் பதிப்பு ஆண்டையும் குறித்துக்கொள்ளலாம். சென்னை முகவரியையே தேட வேண்டியதில்லை. காலச்சுவடு நாகர்கோவிலில் இருக்கிறது, எதிர் வெளியீடு பொள்ளாச்சியில். பிரதியோடு ஒரு பக்கக் கதைச்சுருக்கம் போதும். நண்பர்களின் பாராட்டுக் கடிதங்கள் வேண்டாம். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசியின் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி வருவதால், மார்கழியில் பதிப்பாளருக்குப் புதுப் பிரதி படிக்க நேரம் இராது. கோடையில் அனுப்புவது நல்லது.

கவனம் வேண்டிய இடம் ஒப்பந்தம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமை ஒப்படைப்பு எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். 'சகல உரிமைகளும்' என்ற சொற்களைக் கண்டால் பேனாவை மூடிவிட்டு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். ராயல்டி எத்தனை சதவீதம், கணக்கு எந்த மாதம் வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

சொந்தச் செலவில் வெளியிடுவோர், ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணம் கேட்டால் ஏமாற வேண்டாம். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது.